ஈக்கு நிறம் வரும்வரை

அபி, துளசி... இந்தக் கிழமைப் பத்தி உங்கள் இரண்டு பேருக்கும்தான். துளசிக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அபி வாசித்துக் காட்டட்டும். மற்ற வாசகர்கள் கோபிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

நடந்த கதையின் முக்கால்வாசி உங்களுக்குத் தெரியும். கடைசிப் பகுதி தெரியாது. அன்றைக்கு நீங்கள் என்னோடு வரவில்லை. அபி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தெரிந்த பகுதி.

லண்டனில், கிறீன் ஸ்ட்ரீட் கடையில் வாங்கிய மாம்பழம். பெட்டியில் கென்யா என்று போட்டிருந்தது. பார்க்க நல்ல பழம்தான், தோலில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி மட்டும். குசினி மேசையில் வைத்து அம்மா வெட்டினார். உள்ளே அரிசியளவில் ஒரு வெள்ளைப் புழு. நெளிந்தது... தலையும் வாலும் முட்ட வளைந்தது... பிறகு துள்ளியது! கால் இல்லாத ஒன்று துள்ளுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஐயோ, துள்ளுதப்பா!" அம்மா கத்தியைப் போட்டுவிட்டுப் பின்னால் போனார்.

"கொல்லாதேங்கோ! அப்பா, இட்ஸ் ஜம்பிங்!" அபி ஜாம் போத்தலோடு ஓடி வந்தாள்.

நான் மினிகாப் ஓட்டுகிறவன். ஹெலன் என்று ஒரு பெண்மணி என் வழக்கமான பயணி. மியூசியம் ஒன்றில் வேலை. என்ன வேலை? ஈ பார்க்கிற வேலை. ஓர் ஈயைக் கொடுத்தால் அது இன்ன இனம் என்று சொல்லுவார். இதுவரை யாரும் எழுதாத இனமாக இருந்தால், தலையிலிருந்து வால்வரை அது எப்படி இருக்கிறது என்று எழுதிவைப்பார்கள். மயிர் எத்தனை, எது எங்கே, எந்த நிறம் என்று எல்லாம். இப்படியும் ஒரு உத்தியோகமா என்று முதல் நாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கார் ஓட்டினேன். இப்போது சிரிப்பதில்லை.

அவருக்குப் போன் எடுத்தேன். ஸ்கொட்லாந்தில், தாயார் வீட்டில் நின்றார். கென்யா மாம்பழம் என்றதும் குரல் மாறிவிட்டது. ஆபிரிக்காவில் இப்போது ஒரு பழ ஈ பரவி மாம்பழத்தைப் படாதபாடு படுத்துகிறதாம். அதுவா இது என்று பார்க்க வேண்டுமாம். ஆனால் புழுவை வைத்துச் சொல்வது கஷ்டம். ஈயாக வர வேண்டும்.

"எந்தக் காரணத்துக்காகவும் வெளியே மட்டும் விட்டுவிடாதே."

போத்தலுக்குள் ஈரமணல் போட்டோம். வாயை இரண்டு மடிப்பு மெல்லிய துணியால் கட்டினோம். புழு மணலுக்குள் இறங்கிப் பழுப்பு நிறக் கூடாகிவிட்டது. சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள், துவாய்களுக்கு நடுவில் வைத்தோம். வீட்டிலேயே அதுதான் சூடான இடம். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நீங்கள் இரண்டு பேரும் அந்த அலுமாரிக் கதவைத் திறந்துகொண்டு நிற்பீர்கள். வீடே ஏதோ ஒன்றுக்காக மெதுவாக மூச்சு விட்டதுபோல் இருந்தது, அந்த நாட்களில்.

பிறகு ஒரு காலை, அது வந்திருந்தது.

ஆனால் இதுவா ஈ? வெளிறிப்போய், நிறமே இல்லாமல், செட்டை கசங்கிப்போய்... கழுவிப் பிழிந்த துணி மாதிரி. துளசிக்கு அழுகை வந்துவிட்டது. "அதுக்குச் சுகமில்லை அப்பா."

திரும்பவும் ஹெலனுக்குப் போன். அவர் சிரித்தார். பிறந்தவுடன் எல்லாம் அப்படித்தானாம். சீனித் தண்ணீர் கொடு, சூடாக வைத்திரு, நிறம் தானாக வரும் என்றார். வருவதற்குள் செத்தால் அது யார் என்று யாராலும் சொல்ல முடியாது. பெயரில்லாமலேயே போய்விடும்.

அபிக்கு அது போதும். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. நிறம் வரும்வரை இது உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு அதன் பெயர் கிடைக்க வேண்டும்.

நான் வேறொன்றை நினைத்தேன். நாங்கள் ஒவ்வொருவரும் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று எப்படி நின்றோம்? வெளிறிப்போய், கசங்கிப்போய்... அன்றைக்கு எங்களைப் பார்த்து ஒருவர் விபரம் எழுதியிருந்தால் என்னத்தை எழுதியிருப்பார்? கொஞ்சம் சீனித் தண்ணீர், கொஞ்சம் சூடு, நாலைந்து நாள் அவகாசம் — யாரையும் அதற்குப் பிறகுதான் பார்த்து எழுத வேண்டும்.

அப்போது பார்த்து வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் சாம்பிராணி. மேல் மாடி, கீழ் மாடி, அலுமாரிக்குள்கூட. புகை போகாத மூலை இல்லை. அபி படிக்கட்டில் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

"அம்மா, பிளீஸ்! புகை பட்டா இது செத்திடும்!"

"இஞ்சேருங்கோ," அம்மா என்னைத்தான் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் விடட்டாம் உங்கட மகள். ஒரு இலையானுக்காக!" ஊரில் ஈயை நாங்கள் இலையான் என்றுதானே சொல்வோம்.

"ஒரு கிழமை விட்டால் என்னப்பா?" என்றேன் பயந்து பயந்து.

"இடம்பெயர்ந்து பள்ளிக்கூட மண்டபத்திலை படுத்திருந்தப்பவே சிரட்டைக்கரி எரிச்சுப் போட்டனான். லண்டனுக்கு வந்து நிப்பாட்டவோ? நீங்களும் இந்தப் புகைக்குள்ளைதானே வளர்ந்தனீங்கள். செத்தா போனியள்?"

"அதாலைதான் எனக்கு இன்னும் நிறம் வரேல்லைப் போல..."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கையில் இருந்த சாம்பிராணித் தட்டை இறக்கி வைக்கவில்லை. "எங்கையெண்டாலும் கொண்டு போங்கோ. புகை அடங்கினாப் பிறகு வாங்கோ."

எங்கே கொண்டு போவது? வெளியில் கார்த்திகை மாதக் குளிர். புகை கொல்லாவிட்டால் குளிர் கொல்லும். சூடாக, புகையில்லாமல், எங்களுக்கென்று ஒரே ஓர் இடம்தான் இருந்தது. என் கார்.

ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டேன். அபியின் மடியில் சால்வை சுற்றிய போத்தல். கோட்டுக்குள் எங்கள் மூன்று பேருக்கும் வியர்த்தது. மனோர் பார்க் தெருக்களைச் சுற்றினோம், கோயில் தெருவைத் தாண்டினோம், வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்குகிற இருட்டுப் பக்கம் போனோம். ஒரு பயணி, கட்டணம் இல்லை, போகிற இடமும் இல்லை. இப்படி நான் கார் ஓட்டியதே இல்லை.

தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக வந்து போத்தலுக்குள் நுழைந்து வெளியேறின. ஒவ்வொரு வெளிச்சத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. இடுப்பில் செம்மஞ்சள், அதன்மேல் மையால் இழுத்ததுபோல் கறுப்புக் கோடு, முதுகின் கடைசியில் சுத்த மஞ்சளாக ஒரு திட்டு. கண்ணில் பச்சையா, ஊதாவா? திரும்பத் திரும்ப மாறியது. ஒரு செட்டையை அசைத்து, நிறுத்தி, மற்றதை அசைத்து... ஆளில்லாத குளத்தில் யாரோ துடுப்புப் போடுவதுபோல.

"அது முகம் கழுவுது," துளசி மெல்லச் சொன்னாள். முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துத் தேய்த்து, கண்ணைத் துடைத்தது.

"நிறம் வந்திட்டுதல்லோ, அப்பா?"

"ஓம் பிள்ளை."

"ஹெலன் அன்ரி பேர் கண்டுபிடிச்சாப் பிறகு என்ன செய்வா?"

எனக்கு அதன் பதில் முதல் நாளே தெரியும். கேட்டு வைத்திருந்தேன். சிவப்பு விளக்கு விழுந்தது. நல்லதாய்ப் போயிற்று, ஓட்டிக்கொண்டு சொல்ல ஏலாது.

"அதைக் குளிர்ப்பெட்டியிலை வைப்பினம், அபி. நித்திரை கொள்ளுறமாதிரிப் போயிடும். பிறகு ஊசியிலை குத்தி வைப்பினம். உயிரோடை பறக்கிறதை வடிவாய்ப் பார்க்க ஏலாதாம்."

"போய் ஹாய் சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வர ஏலாதா?" இது துளசி.

அபி சால்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"குடுக்காட்டி எவ்வளவு நாள் இருக்கும்?"

"கொஞ்ச நாள். போத்தலுக்குள்ளை."

"குடுத்தா?"

"எங்கட காலத்துக்குப் பிறகும் வச்சிருப்பினம். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவினம்."

அடுத்த தெரு முடியும்வரை அபி போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப குடுங்கோ. ஆனா நான் வரேல்லை."

வீட்டுக்கு வந்தபோது வாசம் மட்டும் மிச்சம் இருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலை விளக்கடியில் தூக்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "மஞ்சள் சால்வை போட்டிருக்கு... முகத்திலை ரெண்டு கறுப்புப் பொட்டு. எங்களுக்கு ஒண்டு, இவவுக்கு ரெண்டு!" என்றவர், தானே போய்ச் சீனித் தண்ணீர் கலந்து வந்தார்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனித் தெரியாதது.

திங்கட்கிழமை, ஹெலன் லண்டனுக்குத் திரும்பியதும், நான் போத்தலோடு மியூசியத்துக்குப் போனேன். ஹெலனின் அறையில் சுவர் முழுக்க இழுப்பறைகள். அவர் முதலில் உயிரோடு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், "சரியா?" என்று. நான் தலையாட்டினேன், அபிக்காக. குளிர்ப்பெட்டிக் கதவு மூடியது. எனக்கு ஒரு தேத்தண்ணி தந்தார். அது ஆறும்வரை குடிக்கவில்லை.

பிறகு நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்கவிட்டார். அந்த மஞ்சள் திட்டு சூரியகாந்தித் தோட்டம்போல் விரிந்து கிடந்தது. செட்டை நரம்புகள் லண்டன் டியூப் வரைபடம் மாதிரி. ஆனால் கண்... மண் நிறம். பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை. அந்த நிறம் உயிரோடு சேர்ந்து போய்விடும் என்றார் ஹெலன். நீங்கள் இரண்டு பேரும் காரில் பார்த்தீர்களே, அந்த நிறத்தைப் பார்த்தவர்கள் குறைவுதான்.

இன்னோர் இழுப்பறையை இழுத்து, பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தார். அதேதான். ஆபிரிக்காவில் புதிதாகக் கண்டு, புது இனம் என்று விபரம் எழுதிப் பெயர் வைத்தே கொஞ்சக் காலம்தானாம். ஆனால் ஒத்துப்பார்த்த ஈக்களின் அடியில் இருந்த சிட்டையில் எந்த நாடு தெரியுமா? இலங்கை! அங்கிருந்துதான் அது ஆபிரிக்காவுக்குப் போயிருக்க வேண்டுமாம்.

ஆபிரிக்க ஈ என்று நான் காவிக்கொண்டு போனது எங்கள் ஊர்க்காரியை.

அதற்கு வைத்த பெயரின் அர்த்தம் 'படையெடுத்து நுழைவது' என்றார் ஹெலன். எனக்குக் கொஞ்சம் சுட்டது. பழத்துக்குள் இருந்த புழு படையா எடுக்கும்? விசாரித்திருந்தால், "இருட்டுக்குள் படுத்திருந்தேன், எங்கே இறக்கினார்கள் என்று தெரியாது" என்றுதான் சொல்லியிருக்கும். எங்களில் எத்தனை பேர் குடிவரவு அதிகாரிக்கு அதே பதிலைச் சொன்னோம்! ஆனால் அந்த ஈ மரம் மரமாக மாம்பழத்தைக் கெடுக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

ஊசியின் அடியில் நகத்தளவு சிட்டை ஒன்று. மாம்பழம், கென்யா, லண்டன். அதற்குக் கீழே, எடுத்தவர் என்ற இடத்தில் அபியின் பெயரை ஹெலன் எழுதினார். எறும்புக்கால் எழுத்தில். அபி, அது அங்கே இருக்கிறது. நீ விரும்புகிற நாளில் போய்ப் பார்க்கலாம். விரும்பாவிட்டாலும் இருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா வேலையில். கதவுப் பூட்டில் திறப்பைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் நின்றேன். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் கால் முகம் கழுவாமல் நாங்கள் உள்ளே போவதில்லை. ஓர் ஈக்கும் அப்படியா? தெரியவில்லை.

பின் ஒழுங்கையால் சுற்றிப்போய், சப்பாத்தையும் சொக்சையும் கழற்றிவிட்டு, தோட்டத்துப் பைப்பைத் திறந்தேன். கால் விறைக்கிற குளிர். முகத்தையும் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன்.