திருப்பிச் சொல்லாத எண்

என் வாழ்க்கையில் இரண்டு வாக்குமூலங்கள் எழுதியிருக்கிறேன். முதலாவது அச்சடித்த தாளில், அதிகாரிகள் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டாவது இது. இதற்குச் சாட்சி இல்லை. ஆனால் இதில் வரும் நேரங்கள் என் கைக்கடிகாரத்தில் பார்த்தவை. எண்கள் என் காதால் கேட்டவை. ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.

என் பெயர் எஸ்றா. பாளையங்கோட்டைக்காரன். சீவலப்பேரி போகிற வழியில், தாமிரபரணிக்கு அரை மைல் உள்ளே, தோல் பதனிடுவதற்கான ரசாயனம் செய்த ஆலை ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். மூடி இருபது வருடம் ஆகிறது. ஆலை போய்விட்டது, அது கொட்டிய குரோமியக் கழிவு போகவில்லை. மழை விட்டு வெயில் அடித்தால் அந்தத் தரையில் மஞ்சள் பூக்கும். பக்கத்துத் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் எலுமிச்சை நிறத்தில் வரும். அதைச் சுத்தப்படுத்த ஒரு ஒப்பந்தக் கம்பெனி வந்தது. கெட்ட மண்ணைத் தோண்டி, விஷத்தை முறிக்க அன்னபேதி உப்பும் சுண்ணாம்பும் கலந்தார்கள். நிலத்தடித் தண்ணீரை இறைத்து மஞ்சளை எடுத்தார்கள். நானும் என் மனைவி எலிசபெத்தின் தம்பி பாக்கியசீலனும் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம்.

எங்கள் வேலை தண்ணீர் மட்டம் அளப்பது. வளாகத்தில் ஒன்பது குழாய்களை ஆழமாக இறக்கியிருந்தார்கள். டேப்பின் நுனியில் ஒரு கருவி உண்டு. குழாய்க்குள் இறக்கினால், தண்ணீரைத் தொட்டதும் 'பீ...' என்று கத்தும். மேலிருந்து எத்தனை மீட்டரில் கத்துகிறதோ அதுதான் மட்டம். எண் சிறியதாக இருந்தால் தண்ணீர் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம்.

அளப்பவர் வாக்கிடாக்கியில் எண்ணைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். திருப்பிச் சொல்லாத எண் செல்லாது. அளப்பவர் இடத்தைவிட்டு நகரவும் கூடாது. முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி இது.

பாக்கியசீலனுக்கு இந்த விதி பெரிய வேடிக்கை. எங்கள் வேதக்கோயிலில் ஐயர் (பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) பாட்டு எண்ணை இழுத்து இழுத்து இரண்டு தரம் அறிவிப்பார். அதே குரலில்தான் இவனும் என் எண்களைத் திருப்பிச் சொல்வான். "எட்டூ... இருபதூ... சபையார் எழுந்து நிக்கவும்" என்பான். இருபத்தாறு வயது. எனக்குத் தலைப்பிள்ளை மாதிரி.

2022 நவம்பர் 9. ஐப்பசி மழை. ஏழாம் குழாய்க்குப் பக்கத்தில் மண்ணெடுக்க ஆழமான குழி தோண்டியிருந்தார்கள். அதற்கும் ஒரு விதி. ஏழாம் குழாயில் எண் ஆறுக்குக் கீழே போனால், அதாவது தண்ணீர் அவ்வளவு மேலே வந்துவிட்டால், குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது. பக்கச் சுவர் ஊறி விழுந்துவிடும். அன்றைய இரவு முறை என்னுடையது. எனக்குக் காய்ச்சல். என் முறைக்கு அவன் போனான். அதிகாலை மூன்று மணி அளவை எடுத்துவிட்டு, இறைக்கும் மோட்டாரைச் சரிசெய்யக் குழிக்குள் இறங்கினான். சுவர் விழுந்தது.

பதிவேட்டில் மூன்று மணிக்கு எழுதியிருந்த எண் 8.20.

எழுதியவர் எங்கள் எஞ்சினியர் குமரகுருபரன். அவன் சொன்ன எண்ணைத்தான் திருப்பிச் சொல்லி எழுதியதாகவும், அவன் அளந்ததுதான் தப்பு என்றும் சொன்னார். சொல்லும்போது அழுதார். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். எலிசபெத்தை அக்கா என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு இரண்டு வருடம் வந்த மனிதர். எப்படி நம்பாமல் இருப்பது?

விசாரணைக்கு முன்னால் என் தோளில் கைபோட்டார்.

"உள்ளதச் சொல்லும் வே. பய கொஞ்சம் அவசரக்காரன்தானவே?"

அதிகாரிகளிடம் நானும் அதையே சொன்னேன். எண்களில் கொஞ்சம் அவசரப்படுவான் என்றேன். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். அத்தோடு விசாரணை முடிந்தது. அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று தீர்ப்பாகிவிட்டது.

எலிசபெத் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "எந் தம்பி மத்ததுல வெளையாடுவான். எண்ணுல வெளையாட மாட்டான்." பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சோறு போடுவதையும் நிறுத்திவிட்டாள்.

2024 மார்ச் 14. பெரிய வெள்ளம் வந்து வடிந்து மூன்றாம் மாதம். சுத்திகரிப்பு முடியும் தறுவாய். கடைசிச் சோதனையாக இருபத்துநான்கு மணி நேரம் மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டு, மணிக்கொரு தரம் எல்லாக் குழாய்களையும் அளக்க வேண்டும். இரவு பத்து மணியிலிருந்து என் முறை. நான் வெளியே, குமரகுருபரன் அலுவலகத்தில். ஒவ்வொரு சுற்றும் ஏழாம் குழாயில்தான் தொடங்கும்.

10.00. ஏழு, எட்டு இருபது என்றேன்.

"ஏழு. எட்டு இருபது. சரி வே" என்றார்.

11.00. அதே அளவு. "ஏழு. எட்டு இருபது" என்று பதில் வந்தது. சரி வே இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

12.00. சொன்னேன். பதில் வரக் கொஞ்சம் நேரமானது. "ஏழு... எட்டூ... இருபது."

இழுத்த மாதிரி இருந்தது. வாக்கிடாக்கியில் பேட்டரி இறங்கினால் குரல் இழுக்கும். கர்ர்ர் என்று இரைச்சலும் இருந்தது. மற்ற குழாய்களுக்கு நடந்தேன்.

1.00. ஏழாம் குழாயின் மூடியைத் திறந்தேன். ஈர மண் வாசனை. இரண்டு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. தரை வெடித்துக் கிடக்கிறது. ஆனால் அப்போதுதான் மழை விட்ட குழிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி ஒரு வாசனை. எண்ணைச் சொன்னேன்.

"எட்டூ... இருபதூ..."

எனக்குச் சுரீர் என்றது. அந்த ராகத்தை எஞ்சினியர் எங்கே கேட்டிருப்பார்? அவர் எங்கள் கோயிலுக்கு வந்தவர் இல்லை. பாக்கியசீலன் பேசிக் கேட்டிருக்கலாம். இப்போது என்னைக் கேலி செய்கிறாரா? செத்தவனை வைத்தா கேலி? கோபம் வந்தது. அலுவலகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

விளக்கு எரியவில்லை.

2.00. டேப்பை இறக்கினேன். பீ... எட்டு இருபது. நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏழு... எட்டூ... இருபதூ..."

நான் இன்னும் சொல்லவே இல்லை.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மோட்டார் 'ம்ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை விட்டு விலகப் பயமாக இருந்தது. மற்ற குழாய்களுக்கு நான் போகவில்லை. அங்கேயே நின்றேன். ஒரு மணி நேரம்.

2.58. வாக்கிடாக்கியில் இரைச்சல் நின்றது.

3.00. டேப்பை இறக்கினேன். பீ...

"ஏழு. எட்டு இருபது" என்றேன்.

பதில் இல்லை.

மறுபடியும் சொன்னேன்.

பதில் இல்லை.

பிறகு... பைய... ராகம் இல்லாமல்...

"ஏழு. அஞ்சு அறுவது."

மழைச் சத்தம். வாக்கிடாக்கிக்குள் மழை பெய்கிற சத்தம்.

"அஞ்சு அறுவது. எறங்கவா சார்?"

என் மச்சினன் குரல்.

யாரோ அவனுக்கு ஏதோ சொல்கிற மாதிரி ஒரு இடைவெளி. எனக்கு அது கேட்கவில்லை.

"சரி சார்."

டேப்பைச் சுருட்டினேன். எட்டு இருபதில் தண்ணீர் என்றால் டேப்பின் நுனி மட்டும்தான் நனைந்திருக்க வேண்டும். இரண்டரை மீட்டருக்கு மேல் நனைந்திருந்தது. என் விரல்கள்...

மஞ்சள்.

"அத்தான்..."

வாக்கிடாக்கியை உற்றுப் பார்த்தேன்.

"திருப்பிச் சொல்லுங்க, அத்தான்."

நான் சொல்லவில்லை.

ஓடினேன்.

கேட்டில் காவலாளி தேவசிகாமணி அண்ணாச்சி என்னைப் பிடித்து உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். எஞ்சினியரைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவரு பத்தேமுக்காலுக்கே பைக்கை எடுத்துட்டுப் போயிட்டாரே, எஸ்றா. ஆபீசைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோயிட்டாரு."

காலை ஏழு மணிக்கு குமரகுருபரன் வந்து கதவைத் திறந்தபோது நான் கூடவே உள்ளே போனேன். அலுவலக வாக்கிடாக்கி மேஜை இழுப்பறைக்குள் இருந்தது. பேட்டரியைத் தனியே கழற்றிச் சார்ஜரில் போட்டிருந்தார். பதிவேட்டில் பத்து மணி வரிக்குப் பிறகு எல்லாம் காலி. அவர் பேனாவை எடுத்தார். பையிலிருந்து ஒரு தட்டச்சு அறிக்கையையும் எடுத்தார். சோதனை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதில் காலை எட்டு மணி வரைக்கும் எல்லா எண்களும் ஏற்கெனவே இருந்தன. அதைப் பார்த்துப் பதிவேட்டை நிரப்ப ஆரம்பித்தார். வேகமாக, பழகிய கையோடு.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனை சுலபமாக எழுதுகிறார்... ஏழாம் குழாய், மூன்று மணி வரிக்கு வந்ததும் சொன்னேன்:

"அது அஞ்சு அறுவது சார்."

பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. என்னவே உளறுதீரு என்று கேட்டிருக்கலாம். இன்றைக்கு எப்படி அத்தனை மேலே வரும் என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்டது வேறு.

"உமக்கு யாரு சொன்னா?"

அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவன் சரியாக அளந்திருக்கிறான். சரியாகச் சொல்லியிருக்கிறான். இறங்கவா என்று கேட்டும் இருக்கிறான். இவர் இறங்கச் சொல்லிவிட்டு, சுவர் விழுந்த பிறகு எட்டு இருபது என்று எழுதியிருக்கிறார். இதே பேனா பிடிக்கிற கையால். அந்தக் கையால்தான் எலிசபெத்தின் கையைப் பிடித்திருக்கிறார்.

ஆனால் என்னிடம் என்ன ஆதாரம்? ஒரு குரல். நான்கு நாளில் அவர் வேறு ஊர் வேலைக்கு மாறிப் போய்விட்டார்.

ஆடி மாதம் குழாய்களைப் பிடுங்கினார்கள். ஏழாம் குழாயின் அடியிலிருந்து கைக்கடக்கமான ஒரு உருளை வந்தது. தானாகவே மணிக்கொரு தரம் மட்டத்தைப் பதிவு செய்கிற கருவி. சுவர் விழுந்ததில் அது நசுங்கிப்போனது என்று குமரகுருபரன் விசாரணையில் சொல்லியிருந்தார். ஒரு கீறல்கூட இல்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த கலையரசி என்ற பெண் அதை ஒரு மேஜையில் வைத்து மடிக்கணினியில் இணைத்தாள். 2022 நவம்பர் 9 என்று தேதியைச் சொன்னேன்.

அதிகாலை 3.00. 5.60.

அந்தப் பக்கத்தை அச்சிட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். எலிசபெத் விரலை வைத்து அந்த எண்ணைப் படித்தாள். என் பழைய வாக்குமூலம் தவறு என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, இந்தத் தாளோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். விசாரணையை மறுபடி எடுப்பார்களா, தெரியாது.

ஆனால் கலையரசி கருவியை இணைத்த அன்றைக்கு அந்த மேஜையில் நடந்த இன்னொன்றை நான் அதில் எழுதவில்லை. எழுதினால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

மார்ச் 15-ஐயும் பார்க்கச் சொன்னேன். இரவு ஒன்று, 8.20. இரண்டு, 8.20. மூன்று, 5.60. நான்கு, 5.60. ஐந்து, 5.60. அதற்குப் பிறகு ஏப்ரல், மே, ஜூன்... கோடை வறட்சியிலும், மணிக்கொரு தரம், நாலு மாதம், ஒரே எண்.

"மெஷின் மாட்டிக்கிட்டு நிக்கு போல, அண்ணாச்சி" என்றாள் கலையரசி. "இங்கன பாருங்க. தண்ணிக்கு வெளிய எடுத்தாச்சு. வெறும் கோடுதான் வரணும். இப்பவும் அஞ்சு அறுவதுன்னுதான் காட்டுது."

காய்ந்த மேஜை. காய்ந்த கருவி. திரையில் 5.60.

அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். நான் குனிந்தேன். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன்.

"ஏழு. அஞ்சு அறுவது."

திரை ஒருமுறை அணைந்து எரிந்தது.

எண் போய்விட்டது. வெறும் கோடு.

கலையரசி திரும்பி வந்து பார்த்தாள். "சரியாயிட்டே. என்ன செஞ்சீங்க?" என்றாள்.

கருவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

உள்ளங்கை ஈரமாக இருந்தது. மஞ்சளாக.