இடி மேகத்தைச் சுற்றி வந்த சனிக்கிழமை

என் மருமகனுக்கு விமானம் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊர் பகாவ் பசாரில் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். முழு விமானமும் அவருடையது இல்லை. கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கிய பழைய நாலு சீட்டு விமானம், மலாக்கா பக்கம் ஒரு கொட்டகையில் நிற்கிறது. வார நாட்களில் ஆபீஸ் வேலை. சனிக்கிழமை ஆனால் அதை எடுத்துக்கொண்டு வானத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நான் எதற்கும் பயப்படுகிறவள், இடிக்கு ரொம்பவே. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போனவள். அங்கே குலை வெட்டுகிற கம்பு, ஆளைப்போல நாலு மடங்கு நீளம், அலுமினியம். தூரத்தில் இடி உறுமினாலே ஆண்கள் கம்பைக் கீழே போட்டுவிட்டு விலகி நிற்பார்கள். ஒருவர் மட்டும், இந்த ஒரு குலையை வெட்டிவிட்டு வருகிறேன் என்று நின்றார். இடி அவர் கம்பில் இறங்கியது. அவரை ஏற்றிப் போன லோரிக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்தவர்களில் நானும் ஒருத்தி. அதிலிருந்து வானம் கறுத்தால் என் வயிறும் கறுத்துவிடும்.

மகளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது அவளோடு இருக்கலாம் என்று மலாக்காவுக்குப் போயிருந்தேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா, நம்ம தோட்டத்த மேலருந்து பாத்துட்டு வாயேன். எனக்குத்தான் டாக்டர் வேணாம்னுட்டாரு."

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்."

"பயமா?"

"பயமில்ல. முட்டி வலி."

"பிளேன நீயா மிதிச்சு ஓட்டப் போற? சும்மா உக்காந்துட்டு வரதுதானலா."

கடைசியில் நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படலாம் என்று தோன்றியது. மாமியார் கூட இருந்தால் மனிதர் பார்த்து ஓட்டுவார் என்று ஒரு கணக்கு.

எனக்கும் மருமகனுக்கும் நேர்ப் பேச்சு குறைவு. நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து நிற்பார். நான் சொன்னதை ஒருநாளும் மறுத்ததில்லை. கறி உப்பாக இருந்தாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். இப்படி ஒரு மருமகன் கிடைக்க வேண்டுமே என்று எல்லோரும் சொல்வார்கள்.

அன்றைக்கு வெயில் ஏறும் முன்பே அவர் கிளம்பி நின்றார். "காலையிலேயே போயிட்டு வந்துட்டா நல்லது அத்தை. மத்தியானம் ஆச்சுன்னா மேகம் கட்டிக்கும்."

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை ராகு காலம் காலையில் வருகிறது. தரையில் போகிற பயணத்துக்கே பார்க்கிறோம், ஆகாயத்துக்குப் பார்க்க வேண்டாமா?

"ராகு காலம் முடியட்டும் மாப்பிள்ள."

அவர் மகளைப் பார்த்தார். மகள், "நீங்களே சொல்லிக்குங்க" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். "சரிங்க அத்தை" என்று காலில் மாட்டிய சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அந்த இரண்டு வார்த்தையில் காலை நேரம் முழுக்கப் போயிற்று.

மத்தியானத்தை ஒட்டி மேலே போனபோது முதலில் நான் கண்ணைத் திறக்கவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவர் குரல் கேட்டது. "கீழ பாருங்க அத்தை, பகாவ்." பார்த்தேன். மலைமேடெல்லாம் செம்பனை, பச்சை நூலில் பின்னின பாய் மாதிரி. நான் குனிந்து குனிந்து பொறுக்கிய இடம் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. கோயில் தகரக் கூரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கும்பிடு போட்டேன். திரும்பினோம்.

நாங்கள் வந்த வழி அங்கே இல்லை.

தம்பின் ஊர்ப் பக்கம் வானம் கருநீலமாக எழும்பி நின்றது. அதன் உச்சி தட்டையாக எங்கள் பக்கம் விரிந்திருந்தது. உள்ளே யாரோ விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பது மாதிரி இருந்தது. சத்தம் கேட்கவில்லை. சத்தம் வராத மின்னலை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இடிக்குச் சொல்வதுபோல் வாய் தானாக அர்ச்சுனா, அர்ச்சுனா என்றது.

அவர் மடியில் இருந்த தட்டையான கணினியில் பச்சை, மஞ்சள், சிவப்பாக மழை தெரிந்தது. இரண்டு சிவப்புக்கு நடுவில் ஒரு சந்து. நிமிர்ந்து பார்த்தால் வெளியேயும் அதே சந்து. அதற்கு அப்பால் வெயில். அந்த வெயிலுக்குக் கீழேதான் என் மகள் இருக்கிறாள்.

"மாப்பிள்ள, அந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கே."

"அது வேணாம் அத்தை. இந்தப் படம் கொஞ்சம் பழசு. இப்ப எப்படி இருக்குன்னு இது சொல்லாது. சுத்திப் போகலாம்."

"சுத்தின்னா?"

"மேற்க போயி, கடலப் பிடிச்சு எறங்கணும்."

அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். பயந்தவளுக்குச் சுற்று வழி பிடிக்காது. சீக்கிரம் தரை வேண்டும், அவ்வளவுதான். "புள்ளத்தாச்சி தனியா இருக்கா மாப்பிள்ள" என்றேன். விமானம் ஒருமுறை தொப்பென்று விழுந்து எழுந்தது. "கிட்டதான் இருக்கு, சட்டுனு போயிடலாமே" என்று மறுபடி சொன்னேன். என் குரல் அழுகையாக இருந்தது.

விமானத்தின் மூக்கு மெல்லத் திரும்பியது. சந்தைப் பார்த்து.

காலையில் "சரிங்க அத்தை" என்ற அதே முகம். கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துச் சுவரும் பக்கத்தில் வந்தன. வெளிச்சம் சந்தனத்திலிருந்து சாம்பலாக மாறியது. நான் கேட்டது நடக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் விமானத்தைச் சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்த்துத் திருப்பினார். ஜன்னலில் வானம் போய் மரம் வந்தது.

"அத்தை, இனிமே பேசாதீங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. "தரையில எறங்குற வரைக்கும் ஒரு வார்த்த பேசக்கூடாது."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சீட்டு வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மேற்கே திரும்பியபின் ஒரு தடவை பின்னால் பார்த்தேன். சந்து இல்லை. வெயிலும் இல்லை. அந்த இடத்தில் ஒரு மின்னல் மேலிருந்து கீழ் வரை நின்று மறைந்தது.

அதன் பிறகும் பயம் போகவில்லை. கோலப்பிலா மலைக்கு மேல் ஆட்டம். செனாவாங் வந்தது. தோட்டத்துக்குப் பிறகு நான் ஷிப்ட் வேலை பார்த்த பேக்டரிக் கூரைகள் தீப்பெட்டி மாதிரி கிடந்தன. பெரிய விமானங்கள் போகிற பகுதி பக்கத்தில் இருப்பதால் அவர் ரேடியோவில் கேட்டுக் கேட்டுத்தான் நகர்ந்தார். புக்கிட் பெலண்டோக் தாண்டிக் கடல் தெரிந்தது. கடலோரமாகவே இறங்கி வந்தால், எங்கள் விமானத் திடலின் மேலேயும் மழை. கடல் மேல் வட்டம் அடித்தோம். எண்ணெய் போதுமா என்று கேட்க நாக்கு துடித்தது. பேசக்கூடாதே. அவரே சொன்னார்: "டேங்க் நெறைச்சுத்தான் வந்தேன் அத்தை. மழ நகரட்டும்."

நகர்ந்தது. ஈரத் தரையில் சக்கரம் பட்டபோது நான் இன்னும் பேசவில்லை.

விமானத்தின் விசிறி நின்றபின்னும் அவர் இறங்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

"அப்படிப் பேசினதுக்கு மன்னிச்சிருங்க அத்தை."

"ஏன் மொதல்ல அந்தச் சந்துக்குத் திருப்புனீங்க?"

போத்தலை மூடிவிட்டு, "நீங்க சொன்னீங்களே" என்றார்.

எனக்குக் குளிர்ந்துவிட்டது. மேகத்துக்கு நடுவில்கூட அப்படிக் குளிரவில்லை. மரியாதை என்று நான் பெருமைப்பட்ட ஒன்று எங்களை எதுவரை கொண்டு போயிருக்கும்.

"இனிமே மேல போனா எம்பேச்ச கேக்காதீங்க மாப்பிள்ள. கீழயும், சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லுங்க."

"சரிங்க அத்தை" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பேரன் தவழ்கிறான். மருமகன் இன்னும் பறக்கிறார். சனிக்கிழமை காலையில் நான் பகாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது: "இன்னிக்கு மேகம் சரியில்ல அத்தை. போகல." இங்கே வெயில் அடித்தது. ஆனாலும் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணியை எல்லாம் உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன். அந்தச் சனிக்கிழமை எனக்குப் பசித்தது.