அரைத் தீப்பெட்டி உயரம்

வீட்டில் எந்தச் சாமானையும் நான் தரையில் இழுக்க மாட்டேன். ஸ்டூலானாலும் தண்ணீர் வாளியானாலும் தூக்கித்தான் வைப்பேன். பட்டாசுக் கம்பெனியில் வருடக்கணக்காகச் சரவெடி பின்னிய கை இது. அங்கே செருப்பைக் கழற்றி, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும் என்பார்கள். இரும்பு எதிலும் உரசக் கூடாது. வேலையை விட்டு நாளாகிவிட்டது, பழக்கம் விடவில்லை.

"நம்ம வீட்டுல மட்டும்தான் ஸ்டூலுக்குக் காலே தேயல" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

அவர் சிவகாசியில் அச்சு மிஷின் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஒரு காரைக் கட்ட ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பந்தயத்தில் ஓடிய காராம். அசலை நம்மால் வாங்க முடியாது, அதே மாதிரி நாமே செய்துகொள்ளலாம் என்றார். கூடு கோயம்புத்தூரில் செய்து வந்தது. எஞ்சின் மதுரையில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் கிடைத்தது. வண்டி தரையோடு தரையாகக் கிடக்கும். மேலே கூரை கிடையாது, இரண்டே சீட்டு.

இரண்டாவது சீட்டுக்கு அரக்குக் கலரில் ரெக்ஸின் தைத்துக்கொண்டு வந்தார். "இது உனக்கு" என்றார்.

"எனக்கு வேண்டாங்க" என்றேன்.

எனக்குக் கூச்சம். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க வந்தால் தூண் மறைவில் போய் நிற்கிற ஆள் நான். கூரையில்லாத வண்டியில், எங்கள் ஆமத்தூர் ஜனம் பூராவும் பார்க்க, எப்படி உட்கார்ந்து போவேன்? அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் என் சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமலே வைத்திருந்தார். அவர் சீட்டில் எண்ணெய்க் கறையும் கிரீஸுமாகப் படிந்துவிட்டது. பக்கத்துச் சீட்டு மட்டும் கடையில் இருந்து வந்தது போலவே பளபளவென்று இருக்கும். காயப்போட்ட துணியை எடுக்கப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் படும்.

ஒரு நாள் காலையில் கூடத்தில் பேப்பரை விரித்து இரண்டு தட்டுகளை வைத்திருந்தார். ஆயில் சேம்பர் என்றார். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற தொட்டி. ஒன்று இரும்பு, குறுகலாக, ஆழமாக இருந்தது. இன்னொன்று அலுமினியம்; ஆழம் கம்மி, இரண்டு பக்கமும் அகலமாக விரிந்திருந்தது. வளைவில் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஓடிவிடாமல் இருக்க உள்ளே அஞ்சறைப்பெட்டி போலத் தடுப்பு இருந்தது.

"எதை மாட்டலாம்னு நீ சொல்லு புள்ள."

கல்யாணமான நாளில் இருந்து அவர் என்னை எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. எனக்குச் சேலைகூட அவர் எடுத்து வருவதுதான்.

"எனக்கு என்னங்க தெரியும்?"

"இங்கன பாரு. இரும்புன்னா உறுதி. கல்லு அடிச்சா நெளியும், உடையாது. அலுமினியம்னா விரிசல் விட்டுரும். எனக்கு இரும்புதான் பிடிச்சிருக்கு. ஆனா ஆழமா இருக்கதால ரோட்டுக்குப் பக்கத்துல தொங்கும்." தீப்பெட்டிகளை எடுத்து நிறுத்தி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். "நான் மட்டும் உக்காந்தா இரும்புக்கு அடியில மூணு பெட்டி இடம் இருக்கும். ரெண்டு பேரு உக்காந்தா அரைப் பெட்டி இறங்கிரும். அலுமினியம்னா அந்தப் பிரச்சினையே இல்ல."

நான் தீப்பெட்டி அடுக்கைப் பார்த்தேன்.

"அதான் உன்னக் கேக்கேன்" என்றார், தட்டைத் துடைத்துக்கொண்டே.

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். வெங்காயம் உரிக்கும்போது வேறு ஒரு கவலை வந்தது. பஸ் ஸ்டாப்பில் இருக்கும் வேகத்தடையை ஊர்க்காரர்கள் புதிதாகச் சிமென்ட் பூசி உயர்த்தியிருந்தார்கள். அதை அவர் அளந்திருப்பாரா? இரும்பு அதில் உரசினால் பொறி பறக்கும். அந்த ரோட்டில்தான் பட்டாசு லோடு லாரிகள் நிற்கும்.

மறுநாள் காலையில் மூன்று தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஆள் வருமுன் அளந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆட்கள். திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் நின்றேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டே போய், ரோட்டில் குத்தவைத்து, வேகத்தடைக்குப் பக்கத்தில் பெட்டியை அடுக்கினேன்.

"மதினி, என்னத்தத் தொலைச்சீக?" டீக்கடைக்காரியின் குரல்.

"ஒண்ணும் இல்ல தாயி, அளக்கேன்."

"ஹைவேஸ்ல வேல கிடைச்சிருச்சா? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் அந்தப் பக்கம் வந்த பைக்கைக் கை காட்டி நிறுத்தி, "அளந்து முடியட்டும்பா" என்றார். காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெட்டி, அதற்கு மேல் பாதி. சந்தேகத்துக்கு இன்னொரு தரமும் வைத்துப் பார்த்தேன்.

"டீ குடிச்சிட்டுப் போங்க மதினி, அளவு ஒண்ணும் ஓடிராது."

குடித்தேன். அத்தனை பேருக்கு நடுவில், நின்றுகொண்டே. ஒன்றும் ஆகவில்லை.

கொட்டகைக்குப் போனபோது அவர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேகத்தட ரெண்டரைப் பெட்டிங்க. அளந்துட்டு வந்தேன்."

"நீயா? டீக்கட முன்னாடியா?"

"ஆமா."

"எல்லாரும் இருந்தாகளா?"

"இருந்தாக. சிரிச்சாக."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அப்ப நான் மட்டும் போனா இரும்பு தட்டாது. அரைப் பெட்டி மிச்சம். கவலையில்ல புள்ள, நீ சிரமப்பட வேண்டாம்."

நான் மடியில் இருந்த தீப்பெட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன்.

"அலுமினியத்தையே மாட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையைத் துணியில் நன்றாகத் துடைத்தார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, என் சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் தாளை, கிழியாமல் மெதுவாகப் பிரித்து மடித்து வைத்தார்.

வண்டி ஓடத் தயாரான நாளில் அதன் பக்கத்தில் நின்றபோது என் கை தானாக எதையோ தேடியது. செருப்பையும் கழற்றியிருந்தேன். அப்போதுதான் புரிந்தது, செம்புத் தகட்டைத் தேடுகிறேன் என்று. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் இருந்தே உள்ளங்கையை நீட்டினார். தொட்டேன். ஏறிக்கொண்டேன்.

வேகத்தடை வந்ததும் வண்டியை மெதுவாக்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. உரசவில்லை.

"மதினீ!" என்று டீக்கடைக்காரி கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள். "அளந்தது இதுக்குத்தானா? என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க!"

"ரெண்டு சீட்டுதான் தாயி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கும்படி இருந்தது.

"போதுமா? திருப்பவா?" என்றார் அவர்.

"ஸ்கூலுக்கிட்ட இன்னொரு வேகத்தட இருக்குங்க. இதவிடக் குட்ட."

"அதையும் அளந்தியா?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேத்து" என்றேன்.