யாரிடம் குறை

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என எதைக் கண்டாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒன்றுமில்லை என்றால் சூப்பர்வைசர் நம்ப மாட்டார். "நல்லாப் பாருங்க கண்ணு, இருக்குமுங்க" என்பார். பெரும்பாலும் இருக்கும்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா "எல்லாம் நார்மல்தான்மா" என்றபோது எனக்குக் கோபம் வந்தது. கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தையும் இல்லை, குறையும் இல்லையாம். அருள்புரத்தில் எங்கள் ஒற்றை அறையில் முழங்காலில் நின்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். என் தலைமுடியைக்கூட எண்ணி வைத்திருக்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும், சொல்லத்தான் மனமில்லை. சில காரியங்களை அவர் தம்மிடமே வைத்துக்கொள்வார் என்று போதகர் ஒரு ஞாயிறு பிரசங்கித்தார். போதகருக்கு நான்கு பிள்ளைகள்.

அப்போதுதான் அத்தை, என் கணவரின் அம்மா, தூத்துக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து வந்து இறங்கினார்கள். அறை ஒன்று, ஆள் மூன்று, அடுப்பும் அதற்குள்ளேயே. வந்த அன்றே மகனிடம் ஆரம்பித்தார்கள்.

"எய்யா, இன்னொரு டெஸ்ட் இருக்குன்னு டாக்டர் சொன்னாவல்லா? அதையும் பாத்துரு. யாருகிட்ட கொறைன்னு தெரிஞ்சாகணும். அவகிட்டன்னா அதுக்கு ஒரு வழி பாக்கணும்லா."

அந்த வழி எனக்குத் தெரியும். என்னை என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மெல்ல வேறு பெண் பார்ப்பது. என் எதிரிலேயே, நான் உரித்துக் கொடுத்த வெங்காயத்தை அரிந்துகொண்டே சொன்னார்கள். எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் வாசலை அடைத்து உட்கார்ந்திருந்ததும் அவர்கள்தான்.

நானும் கணவரும் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு கேட்க அவர் மட்டும் போனார். அன்றைக்குச் செக்கிங் டேபிளில் என் கண்ணில் ஓர் ஓட்டையும் படவில்லை. சொல்லும் சொல்லும் என்று ஆறு வருடம் ஆண்டவரை நச்சரித்தவள், அன்று சொல்லிவிடாதேயும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். குறை கண்ட பீஸுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நல்லதிலிருந்து பிரித்துத் தனியே எறிவோம். ஒருவேளை அதனால்தான் எங்கள் இருவரையும் ஆண்டவர் வெளிச்சத்தில் விரிக்காமல் வைத்திருந்தாரோ என்று முதல்முறையாக நினைத்தேன்.

சாயங்காலம் கணவர் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"எம்மா, கொறை எங்கிட்டதான். இனி அவள ஒண்ணும் சொல்லாத."

அத்தை அன்று சாப்பிடவில்லை.

பொய் சொல்வானேன், எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். பிறகுதான் அவருடைய காதைப் பார்த்தேன். அவருக்குப் பொய் வராது. வந்தால் காது சிவந்துவிடும். அன்றைக்குச் சிவந்திருந்தது. ஆனால் வெட்கத்திலும் காது சிவக்கும்தானே?

வெளியே குழாயடியில் கை கழுவ வந்தவரிடம், "உண்மையா?" என்று கேட்டேன்.

"எங்கம்மாகிட்ட சொன்னதுதான். பரோட்டா ஆறுது, வா புள்ள."

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி கேட் வரை போனேன். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். குறை கணவரிடம் என்றால், இரக்கப்பட்டுப் பார்க்கத் தொடங்குவேன். என்னிடம் என்றால், ஆயுளுக்கும் அவர் முன் தலை நிமிர மாட்டேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் மனமில்லை. கொய்யாப்பழம் விற்றவர், வியாபாரத்தை மறைக்கிறேன் என்று இரண்டு முறை என்னை விரட்டினார். கடைசியில் கம்பெனிக்கே வந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அத்தை ஊருக்குக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள்.

"எட்டி, எம்புள்ளைய விட்டுட்டுப் போயிராதட்டி. ஒனக்கு வயசிருக்கு, போனா யாரும் தப்பு சொல்ல மாட்டாவ. ஆனா போயிராத."

என்னை வெளியே அனுப்ப வந்தவர்கள். குறை என்னிடமாகவும் இருக்கலாம் அத்தை என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்னைச் சுற்றிக் கணவர் எழுப்பிய சுவர் இடிந்துவிடும். சொல்லாவிட்டால் இந்தக் கண்ணீர் என் தலையில்.

"போக மாட்டேன் அத்தை" என்றேன்.

அவர் பாட்டிலோடு வந்து, அம்மா ஏன் அழுகிறாள் என்று என்னைப் பார்த்தார். காது சிவந்திருந்தது. பொய்யா வெட்கமா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.