உள்ளே இழுத்த ஆமாம்

எவெர்ட் நூர்லுண்டுக்கு மூன்று பேர் மீது சந்தேகம். ஒருவன் மருமகன் யோவாகிம். அடுத்தவள் தெற்கே மால்மோ நகரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே அதிகாரம் செய்யும் பொறியாளர் மரீக்கா. மூன்றாவது ஆளே அல்ல. அவர் வேலை பார்க்கும் மின்நிலையத்துக்குப் புதிதாக வந்த, வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிஜிட்டல் ரெகுலேட்டர்.

சந்தேகம் அவருக்குக் கூடப் பிறந்தது. மான் வேட்டை முடிந்து கறியைக் கூறு போடும்போது தராசைத் தட்டிப் பார்க்காமல் தன் பங்கைத் தொடமாட்டார். சுவீடனின் வடகோடியில் அந்த ஆற்றோரமே பிறந்து, மீசை அரும்பும் வயதில் அணை மின்நிலையத்துக்குள் நுழைந்தவர், தலை நரைத்தும் வெளியே வரவில்லை. மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத்துணை இல்லை. அவள் இருந்தபோதும் மனிதர் பெரிதாகப் பேசிக் கிழித்துவிடவில்லை.

மருமகன் மீதான சந்தேகம்தான் நெஞ்சை அறுத்தது. இலையுதிர் காலத்தில் மகள் டூவா தெற்கேயிருந்து போன் செய்தாள்.

"அப்பா, எனக்கும் அவருக்கும் ஒத்துவரல. கொழந்தையத் தூக்கிக்கிட்டு அங்கயே வந்துடட்டுமா?"

எவெர்ட் தன் வழக்கப்படி ஆமாம் என்றார். சற்றுப் பொறுத்து, "சரிப்பா, புரியுது" என்று அவள் வைத்துவிட்டாள். அன்றே மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்தார். பனி விழுந்தது, ஆறும் உறைந்தது, அவள் வரவில்லை. இவர் கூப்பிட்டால் வானிலை பேசினாள். அந்தப் பயல்தான் ஏதோ சொல்லி அவள் மனதைக் கலைத்துவிட்டான் என்று எவெர்ட் முடிவுகட்டினார். 

மரீக்காவின் தொல்லை வேறு. "ரெகுலேட்டர கையால இயக்குற நிலைக்கு மாத்திட்டீங்களா?" என்பாள். ஆமாம் என்பார். "எவெர்ட், மாத்திட்டீங்களா இல்லையா?" என்று இன்னும் உரக்கக் கேட்பாள்.

"ஏம்மா, உனக்குக் காது அடைச்சிருக்கா?" என்று எரிந்து விழுவார். தனக்கு மூளை மங்கிவிட்டதா என்று நோட்டம் பார்க்கிறாள் என்று பட்டது. போதாக்குறைக்கு நிர்வாகம் மனிதத் தொடர்பு பற்றி எல்லாருக்கும் வகுப்பு வைத்தது. பலகையில் சொல்பவருக்கு ஒரு கட்டம், கேட்பவருக்கு ஒரு கட்டம், நடுவே கோணல்மாணலாக இரைச்சல், கேட்டவரிடமிருந்து திரும்பி வரும் ஓர் அம்பு. ஆளைக் குறைக்கத்தான் புது ரெகுலேட்டரும் இந்தப் படமும் என்று பக்கத்து நாற்காலியிடம் முணுமுணுத்தார்.

கடைசியில் மரீக்கா நேரிலேயே வந்து இறங்கினாள். எவெர்ட் ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு நீட்டினார். அவள் அதைச் சந்தேகமாகப் பார்த்தது அவருக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

அன்றைய சோதனை, ஜெனரேட்டரின் வோல்ட்டேஜை ரெகுலேட்டருக்குத் தெரிவிக்கும் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது.

"பழசுல இதக் கழட்டினா, வோல்ட்டேஜே இல்லன்னு நெனச்சுக்கிட்டு ஏத்து ஏத்துன்னு ஏத்தும். கடைசில மிஷினே நின்னுடும்," என்றார் எவெர்ட்.

"இது அப்படி நெனைக்காது. ஒண்ணும் வரலன்னா கம்பிலதான் கோளாறுன்னு எடுத்துக்கும். ஏத்தாம எறக்காம அப்படியே நின்னு கத்தும். கழட்டட்டுமா?"

எவெர்ட் உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தார்.

மரீக்கா பதறினாள். "என்னாச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"ஆமான்னு சொன்னேன்."

"இதுவா ஆமா?"

"எங்க பக்கம் எல்லாருக்கும் இதுதான் ஆமா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன்லயும் இப்படித்தான் சொன்னீங்களா? இப்ப வர்ற போன் மூச்சுச் சத்தத்த இரைச்சல்னு வெட்டிடும் எவெர்ட். எனக்கு ஒண்ணுமே கேக்கல. வேணும்னே வாய மூடிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

அவள் கம்பியைக் கழற்றினாள். ரெகுலேட்டர் கத்தியது, வோல்ட்டேஜ் காட்டும் முள் அசையவில்லை. எவெர்ட் முள்ளைப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்த பழைய போனைக் கோடையில்தான் போன் கம்பெனிக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். டூவா கேட்டது இந்தப் புதுப் போனில்.

படிக்கட்டில் நின்று டூவாவுக்குப் போன் செய்தார்.

"இங்க வந்துடட்டுமான்னு கேட்டியே."

"அத விடுப்பா. உன் ஆமாவுக்காகக் காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். வரல. நீ வேண்டாம்னு நெனைக்கறதா புரிஞ்சுக்கிட்டேன்."

"சொன்னேன்டி. இழுத்தேன். இந்தப் பாழாப்போன போன் முழுங்கிடுச்சு. நீ வா. கொழந்தையோட வா."

மறுமுனையில் சத்தமே இல்லை. யோவாகிம் பக்கத்தில் நிற்கிறானோ என்று பழைய சந்தேகம் தலை தூக்கியது. அப்புறம்தான், அவளும் இதே ஆற்றோரத்துப் பெண் என்பது அவருக்கு உறைத்தது.

"இழுக்காத டூவா," என்றார்.  "வாயத் தெறந்து சொல்லு."

"வரேன்பா," என்றாள்.