தேய்க்கக் கூடாத வளையம்

என் ஜன்னல் ஆணியில் ஒரு செம்பு வளையம் தொங்குகிறது. வளையலைவிடக் கொஞ்சம் பெரியது, கரியேறிக் கருத்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், "புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிடுமே" என்பார்கள். ஆகும்தான். ஆனால் அதைத் தேய்க்காமல் விட வைக்க நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், புதுச்சேரியில் சாரம் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். தெருவுக்கே அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். எனக்கு சொல்தா மாமா. பூட்ஸ், பெல்ட் கொக்கி, கேட்டின் தாழ்ப்பாள் என்று கண்ணில் படுவதையெல்லாம் மினுக்கிவிடுவார். "நான் அசையாம நின்னா என்னையும் தொடச்சிடுவாரு" என்பார் அவர் மனைவி, எனக்கு அத்தை. மாமாவிடம் ஒற்றை சிலிண்டர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதன் சக்கரத்துக் கம்பிகளில்கூட முகம் பார்க்கலாம். ஓடத்தான் ஓடாது.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்காம் தேதி ஒவ்வொரு வருஷமும் பழைய சிப்பாய்கள் பதக்கங்களோடு கடற்கரையில் அணிவகுப்பார்கள். இடது முழங்கால் மக்கர் செய்ததால் ஒரு வருஷம் மாமா ஆட்டோவில் போனார். திரும்பி வந்தவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "மூட்டைய எறக்கற மாதிரி ஆட்டோவுலேர்ந்து எறக்கினாங்கம்மா. அடுத்த வருஷம் என் வண்டியிலதான் போவேன், இல்லன்னா போவல" என்றார். சொன்னதை மாற்றுகிற ஆள் இல்லை என்பதால், வண்டி ஓடாவிட்டால் போகாமலே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் எனக்கு அளவு சரிபார்க்கும் வேலை. எதைக் கண்டாலும் அளந்து பார்க்கத் தோன்றும் வியாதி உண்டு. சிலிண்டரை அளந்தேன். வட்டமாக இருக்க வேண்டியது தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அதைக் கடைந்து விரித்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டோம். வண்டி கிளம்பியது, இரண்டு தெரு தாண்டியதும் புஸ்ஸென்று மூச்சு விட்டு நின்றது. சிலிண்டருக்கும் அதன் மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவே சோப்புத் தண்ணீர் தடவி, கிக்கரை மிதித்தோம். குமிழி குமிழியாக வந்தது. அந்த இடுக்கை அடைக்கிற கேஸ்கட்தான் இந்தச் செம்பு வளையம். புதிதாக ஒன்று போட்டோம், மறுபடியும் குமிழி.

ஏன் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது புது வளையத்தைப் பொட்டலத்திலிருந்து எடுத்தார். உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, பாலிஷ் போட்டு இன்னொரு தேய்ப்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை மெல்லிய கீறல்கள். வாயு தப்பிப் போக மாமாவே வழி வெட்டிக் கொடுத்திருக்கிறார்!

நான்காவது வளையத்தை அவர் கையில் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் சிவக்கச் சூடு பண்ணித் தண்ணீரில் போட்டேன். அப்படிச் செய்தால் செம்பு இளகி, ஹெட்டோடு நன்றாகப் படியும். ஆனால் கருத்துவிடும். அதைப் பார்த்ததும் மாமாவின் முகமும் கருத்தது.

"இத எப்படிம்மா மாட்டறது?"

"உள்ளதான மாமா இருக்கப் போவுது? யாரு பாக்கப் போறா?"

"எனக்குத் தெரியுமே."

 அத்தை உள்ளேயிருந்து, "அப்ப ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா?" என்றார். மாமா ஸ்பேனரை எடுத்தார். சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழி இல்லை. "வுவாலா!" என்று அவர் பிரெஞ்சில் கத்தியதில் தெரு நாய் எழுந்து ஓடியது.

பதினான்காம் தேதி அவர் கடற்கரைச் சாலையில் தானே வண்டியை நிறுத்தி, நொண்டிக்கொண்டே வரிசையில் போய் நின்றதைப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வருஷம் இன்ஜினைத் திறந்தபோது வளையத்தை மாற்றினார். பழையது என்னவானது என்று நான் கேட்கவில்லை. அவர் காலமான பிறகு அத்தை பதக்கப் பெட்டியைத் திறந்து காட்டினார். மின்னுகிற பதக்கங்களுக்கு நடுவே அது கருப்பாகக் கிடந்தது. "இத மட்டும் தேய்க்க மாட்டாரு. என்னையும் தொட விடல. நீயே வெச்சுக்கம்மா" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஓர் இடம், விரல் நகம் அளவுக்குப் பளபளத்தது. மனுஷனுக்குக் கை பொறுக்கவில்லை!

கடற்காற்றில் அந்த இடமும் இப்போது கருத்துவிட்டது. அந்த நகம் அளவை மட்டும் தேய்த்து மறுபடி மினுக்கிவிடலாமா என்று சில நாள் எனக்கே கை துறுதுறுக்கிறது.