பாடு முறையில் மாத்திரை

எண்பதுகளில் பழவேற்காட்டில் ஒரு மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் வேலை எனக்கு. கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவர் தோளில் மீன்கூடையும் பக்கத்தில் மகளுமாக வருவார். எந்த மாத்திரையையும் இறாலைப் போல மோந்து பார்த்த பிறகுதான் வாங்குவார்.

மகளுக்குப் பத்து வயது. தோல் உரிந்தாலும் கை கழுவுவதை அவளால் நிறுத்த முடியாது. மீன்கூடையைத் தொட்டுவிட்டு அரை மணி நேரம் கழுவாமல் இருக்கும் பயிற்சி, கூடவே தினம் ஒரு மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாதக் கடைசியில் மீனவரிடம் மாத்திரைகளில் பாதி மிச்சமிருந்தது. ஏன் என்று கேட்டேன். முறைத்தார்.

"ஒரு நாளு பயிற்சி, மறுநாளு மாத்திர. எங்க ஏரியில பாடு மொற. ஒரு எடத்துல இன்னிக்கு ஒரு கூட்டம் வலை வுட்டா, அடுத்த கூட்டம் நாளைக்குத்தான். ரெண்டும் ஒண்ணா குடுத்தா, எதால தேறுச்சுனு எனக்கு எப்டித் தெரியும்? மாத்திரயாலதான்னு சொல்லி நீங்க காலத்துக்கும் குடுத்துக்கினே இருப்பீங்க."

வெடித்த கைகளைப் பாவாடையில் மறைத்தபடி மகள்தான் சொன்னாள்:

"எந்த வலையில வந்தா இன்னா நைனா? எனக்கு மீனு வேணும்."

அவர் ஒரு மாத்திரையை எடுத்து இரண்டு முறை மோந்து பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார். அவள் விழுங்கியதும், ஈரக் கூடையை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.